கூப்பிட்டால் திரும்புவாரா?

"ஆயிரம் பேருக்கு மேல பாத்திருக்காவ டீச்சர். ஒருத்தர்கூட போன் போடல!"

ஜெபராஜ் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் நஸ்ரின்.

"உக்கார நேரமில்ல. இன்னும் நிறைய பாயிண்ட் வேணும். எப்படி எடுக்கதுன்னு மட்டும் சொல்லுங்க."

குருவுக்கு இருபத்தாறு வயது. சீடனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட்டதில்லை. தூத்துக்குடியில் யாருக்காவது வலைப்பூ ஆரம்பிக்க வேண்டுமென்றால் இந்த மாடிக்குத்தான் வருவார்கள். ஜெபராஜும் அப்படி வந்தவர்தான். தோட்டத்தைப் பற்றி எழுத வந்தார். இப்போது அவர் பக்கத்தில் தோட்டம் இல்லை. அவர் அப்பாவின் படம் மட்டும் இருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் 'காணவில்லை'.

அப்பா பெயர் அருளப்பன். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஞாபகம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்து நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். போலீஸில் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரிகளில் தேடியாயிற்று. அவருடைய சர்க்கரை மாத்திரை வீட்டு மேசையில் அப்படியே இருக்கிறது. மாத்திரை இல்லாமல் அவர் அதிக நாள் தாங்க மாட்டார் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

நஸ்ரின் 'சுற்று' என்று ஒன்று நடத்தினாள். ஊர் ஊராக வலைப்பூ எழுதுகிறவர்கள் அதில் இருந்தார்கள். நீ என் பக்கத்தைப் பார், நான் உன் பக்கத்தைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அடுத்தவர் பக்கத்தை அரை நிமிஷம் திறந்து வைத்திருக்க வேண்டும். மேல் மூலையில் டைமர் ஓடும். முடிந்ததும் மணி அடிக்கும். 'அடுத்தது' என்ற பட்டனை அழுத்தினால் ஒரு பாயிண்ட். அந்தப் பாயிண்டுக்கு உன் பக்கம் யாரோ ஒருவர் திரையில் திறக்கும்.

ஜெபராஜ் நஸ்ரினின் கம்ப்யூட்டரில் நான்கு ஜன்னல் திறந்து வைத்து, மணி அடிக்க அடிக்க மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியும் மகளும் ஆளுக்கொரு போனில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பாயிண்ட் குவிந்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் ஏறியது. போன்தான் வரவில்லை.

"நேத்து நீங்க பாத்ததுல ஒரு பக்கம் சொல்லுங்க" என்றாள் நஸ்ரின்.

"என்ன பக்கம்?"

"அழுத்தி அழுத்திப் பாத்தீங்கள்லா. அதுல ஏதாவது ஒண்ணு."

"ஏதோ சமையல். பொறவு ஒரு கவிதை."

"என்ன சமையல்?"

"டீச்சர், எங்கப்பா ரோட்டுல கிடக்காரு. என்ன சமையல்னு கேக்குதீங்க!"

"என்ன கவிதை?"

"தெரியாது!"

"உங்கப்பா படத்தைப் பாத்த ஆயிரம் பேர்கிட்டயும் இதையே கேட்டா, அவங்க என்ன சொல்லுவாவ?"

ஜெபராஜ் அப்போதுதான் உட்கார்ந்தார்.

நஸ்ரின் மூன்று ஜன்னல்களை மூடினாள். டிபன் பாக்ஸ் பக்கத்திலிருந்த ஆப்பிளை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தாள். திரையின் மூலையில் டைமர் ஓடுகிற இடத்தில் அதை ஒட்டினாள். ஸ்பீக்கர் சத்தத்தையும் அணைத்தாள்.

"இப்ப எப்ப முடியுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். வாசிங்க."

"எதை?"

"முன்னால என்ன இருக்கோ அதை."

முன்னால் பாகற்கொடி இருந்தது. கோவில்பட்டியில் முத்துலட்சுமி என்ற பெண் எழுதுகிற பக்கம். மொட்டைமாடியில் சாக்குப்பையில் பாகல் போட்டிருக்கிறாள். கொடி நன்றாக ஏறியிருக்கிறது. பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஏன் உதிர்கிறது, தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே ஒரு பதில்கூட இல்லை.

"இவளுக்குப் பூ உதிருதாம்" என்றார் ஜெபராஜ். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன போயிருக்குன்னு இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு என்ன போயிருக்குன்னு உங்களுக்கு இப்பத் தெரியும். பதில் தெரியுமா?"

"இது தெரியாதா? இது ஒரு கேள்வியா?"

"அப்ப எழுதுங்க."

"டீச்சர், நான் உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். பாயிண்ட் எடுக்க வழி சொல்லுங்க. உங்ககிட்டதான மொத்த சுற்றும் இருக்கு? எல்லார் திரையிலயும் எங்கப்பா படத்தைத் திறந்து விடுங்க. உங்களால முடியும்லா?"

"முடியும்."

"செய்யுங்க!"

"நேத்து ராத்திரியே செஞ்சுட்டேன் அண்ணாச்சி. அதனாலதான் ஆயிரம். இல்லன்னா உங்களுக்குப் பாதிகூடத் தேறியிருக்காது."

ஜெபராஜ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். கோபத்தில் எழுதியது. 'உதிர்வது ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் குட்டியாக ஒரு காய் இருக்கும். அது வரும்வரை பொறுத்திருங்கள். அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள்.'

"எழுதியாச்சு. இப்ப?"

"அடுத்த பக்கம். வாசிங்க."

அடுத்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் எழுதியது. வாசித்தார். ஒரு வரி எழுதினார். அதற்கடுத்தது யாரோ மாமியாரைத் திட்டியிருந்தார்கள். அதையும் வாசித்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை தன் போனை எடுத்துப் பார்த்தார். நஸ்ரின் அதைத் தடுக்கவில்லை.

திடீரென்று அவர் பக்கத்தில் ஒரு பின்னூட்டம் விழுந்தது. முத்துலட்சுமி.

'ஐயா, ரொம்ப நன்றி. மாசக்கணக்கா கேக்குறேன், நீங்கதான் முதல்ல பதில் சொன்னீங்க. யாருன்னு பாக்க வந்தேன். அப்பா விஷயம் பாத்துக் கையே ஓடல. ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. கூப்பிட்டா திரும்புவாரா?'

"என்ன கேள்வி இது? ஞாபகம் போன மனுசன்னு எழுதியிருக்கேனே! கிறுக்கச்சியா இவ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி. திரும்புவாரா?"

"அருளப்பன்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. அப்பான்னு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு."

"எதுக்குமே திரும்ப மாட்டாரா?"

ஜெபராஜ் யோசித்தார். முகம் மாறியது.

"கண்டக்டர்னு கூப்பிட்டாத் திரும்புவாரு. வீட்டுலயும் சோத்துக்கு அப்படித்தான் கூப்பிடுவோம்."

"இதை எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கும் எழுதவில்லை. உயரம் எழுதியிருந்தார். மாநிறம் என்று எழுதியிருந்தார். இடது தோளில் மச்சம் என்று எழுதியிருந்தார். சட்டையைக் கழற்றி மச்சம் பார்க்கப் போகிறவன் எவன்? படம்கூட ஒரு கல்யாணத்தில் எடுத்தது. மழமழவென்று சவரம் செய்த முகம். இத்தனை நாள் தெருவில் திரிகிற மனிதனுக்கு அந்த முகம் இருக்குமா?

ஜெபராஜ் அவளுக்குப் பதில் எழுதினார். போன் நம்பரையும் மறுபடி போட்டார். உடனே போன் அடித்தது.

"அண்ணே, முத்துலட்சுமி பேசுறேன். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவர் நிக்காரு. நரைச்ச தாடி. பெரியவரேன்னா திரும்ப மாட்டாரு, ஐயான்னாலும் திரும்ப மாட்டாரு. செவிடுன்னு நினைச்சுட்டோம். உங்க பக்கம் எனக்கு முந்தாநாளே வந்திருக்கும் போல. நானும் மணி எப்ப அடிக்கும்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். மன்னிச்சிருங்கண்ணே. இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"போனை வைக்காதம்மா" என்றார் ஜெபராஜ். எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நஸ்ரின் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

ஆட்டோ சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு பஸ் ஹாரன்கள்.

"நிக்காரு. நாகர்கோவில் வண்டிப் பக்கத்துல நிக்காரு. கையைப் பிடிக்கட்டாண்ணே?"

"பிடிக்காத! பிடிச்சா உதறிட்டு ஓடுவாரு."

"வண்டி கிளம்பப் போகுதுண்ணே. இவரு படியில கால் வெச்சுட்டாரு."

"கூப்பிடு! கண்டக்டர்னு கூப்பிடு!"

முத்துலட்சுமி கூப்பிட்டாள். ஒருமுறை மெதுவாக, அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி.

"அண்ணே… திரும்பிட்டாரு. என்னையப் பாக்காரு. ஆனா கால எடுக்க மாட்டேங்காரு. டிரைவர் வண்டிய எடுக்காரு. என்ன சொல்ல? போனை அவர் காதுல வைக்கேன். நீங்க பேசுங்க!"

நஸ்ரின் ஜெபராஜின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இவ்வளவு நேரம் நிதானமாக இருந்தவள் குரல் இப்போது உடைந்திருந்தது.

"பேசுங்க அண்ணாச்சி. மகன்னு சொல்லுங்க. 'அப்பா, நான் ஜெபராஜ், வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்லுங்க. சீக்கிரம்!"

போனிலிருந்து களைத்துப்போன ஒரு குரல் வந்தது.

"எங்க போகணும்?"

ஜெபராஜ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். அப்பா என்று சொல்லவில்லை. தன் பெயரையும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருகிற பயணி டிக்கெட் கேட்கிற மாதிரி கத்தினார்.

"தூத்துக்குடி ஒண்ணு! கண்டக்டர், கீழ இறங்கி நில்லுங்க, இந்தா வந்துட்டேன்!"