அத்தித் தோப்புல கரி பூசினது யாரு?

மேகமே இல்லாம அத்தித் தோப்புல இனிப்பா ஒரு தூறல், கனவுல விழுற மாதிரி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. இலை மட்டும் கரி பூசினாப்ல கருத்துப் போச்சு.

"எவனோ வச்ச செய்வினை. ஆளை இப்பவே காட்டு, இல்லேன்னா குடிசையக் காலி பண்ணு"ன்னு தோப்பு கூட்டுற செங்கமலத்த மெரட்டினாரு ஜமீன்தார். வெள்ளைப் பட்டு, பெருத்த உடம்பு, சுத்தி ஜால்ராக் கூட்டம்.

செங்கமலம் ஒரு இலையத் திருப்பினா. "இந்தா இருக்காரு ஐயா. வெள்ளையா, கொழுகொழுன்னு, உக்காந்த எடத்த விட்டு நகராம மரத்த உறிஞ்சுறாரு. அவரு கழியுற இனிப்புலதான் இந்தக் கரும்பூஞ்சை படருது. அதை நக்கத்தான் சுத்தி எறும்புக் காவல்."

கூட்டம் குனிஞ்சு சிரிச்சுச்சு.

"யாரடி சொல்ற, என்னையா?"

"மாவுப்பூச்சிய சொன்னேன் ஐயா. சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து அடிச்சாப் போயிரும். மொதல்ல எறும்ப வெரட்டணும்."

சிரிச்சவங்க வாய மூடிக்கிட்டாங்க.

அவளைத் தொரத்தினா, பூச்சி யாருன்னு ஊரே பேசும். அதனால குடிசை அங்கயேதான் இருக்கு. தூறல்தான் நின்னு போச்சு.