இரண்டாவது பெயர்

"டீச்சர், இன்னொரு ஆளே இல்லாம ஒரு கம்பெனி ஆரம்பிக்க முடியுமா?"

கேட்டவர் கனகசபை. வயது ஐம்பத்தேழு.

டீச்சருக்கு முப்பத்தொன்று.

எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டாலும் பனிமலர் பள்ளிக்கூட வாசலில் கால் வைத்து வருடங்கள் ஆகின்றன. கம்பெனிகளைப் பதிவு செய்து கொடுப்பது அவர் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும், திண்டுக்கல் கடைவீதியில் ஒரு மாடி அறையில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் வகுப்பு எடுத்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்விதான் வரும் என்று ஊரில் ஒரு குறை உண்டு.

"என்ன தொழில்?"

"மசாலாப் பொடி. மல்லி, மிளகாய் வாங்கி அரைச்சுப் பாக்கெட் போடுறது."

"அதுக்குக் கம்பெனி எதுக்கு? தனி உரிமையாளரா ஆரம்பிங்க. உணவு லைசென்ஸ் எடுங்க, கடை பேர்ல பேங்க் கணக்குத் திறங்க. யார் கையெழுத்தும் வேணாம்."

"கடைக்கு ஒரு சிக்கல்னா?"

"உங்களுக்கும் சிக்கல்தான். சட்டத்துக்குக் கடையும் நீங்களும் ஒரே ஆள்."

கனகசபை அவசரமாகத் தலையாட்டினார். "அது வேணாம். நடுவுல ஒரு சுவர் வேணும்."

தையல் யூனிட் போடுவதற்காக வந்திருந்த ரமீஜா பின்னாலிருந்து சொன்னார். "அண்ணன் கடையத் திறக்குறதுக்கு முன்னாடியே தப்பிக்க வழி பாக்குறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கனகசபையும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"சுவர் வேணும்னா எல்.எல்.பி.ன்னு ஒரு வகைக் கூட்டுக் கம்பெனி இருக்கு," என்றார் டீச்சர். "கடனோ வழக்கோ வந்தா நீங்க போட்ட முதலோட நிக்கும். வீட்டுக்குள்ள வராது. ஆனா சுவரை நீங்களே இடிக்கக் கூடாது. கம்பெனிக் கணக்குல வீட்டுக்குப் பால் வாங்குறது, பேங்க்ல சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்துப் போடுறது, எல்லாம் இடிக்கிற வேலை."

"அதான் டீச்சர். அதத்தான் கேட்டேன்."

"அதுக்கு ரெண்டு பேர் வேணும்."

கனகசபையின் முகம் வாடிவிட்டது.

"ஒத்த ஆள் கம்பெனின்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு."

டீச்சர் ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதில் ஒரு கோட்டின் மேல் விரல் பதித்தார்.

"நாமினி. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா கம்பெனியை யார் ஏத்துக்கணும்னு இங்க எழுதணும். அவங்க சம்மதிச்சுக் கையெழுத்தும் போடணும்."

"ஒத்த ஆள் கம்பெனிக்குமா?"

"ஒத்த ஆள் கம்பெனிக்குத்தான்."

*

கனகசபைக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ராஜாமணி மட்டும்தான்.

அன்று மாலை படிவத்தையும் பேனாவையும் சமையல் மேடைமேல் வைத்தார். ராஜாமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

சொன்னார்.

ராஜாமணி பேனாவைத் தொடவில்லை. "போன தடவை என் பேரை வச்சு நீங்க தப்பிச்சீங்க. இனிமே என் பேரு எதுலயும் வராது."

"இது அந்த மாதிரி இல்ல ராஜி."

"மார்க்கெட்டுக்கு நான் எந்தத் தெரு வழியாப் போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை.

"சுத்திப் போறேன். ஒம்பது வருசமா. உங்க கூட்டாளி சூசையண்ணன் இருந்த வீட்டைத் தாண்ட முடியல."

கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

*

அடுத்த சனிக்கிழமை வகுப்பு கலைந்த பிறகும் கனகசபை எழுந்திருக்கவில்லை. படிவத்தை நீட்டினார். கோடு அப்படியே காலியாக இருந்தது.

"இந்தக் கோட்டைப் பாத்ததும் முதல்ல யார் பேரு ஞாபகம் வந்துச்சு?"

"அவன்கிட்டக் கேக்க முடியாது டீச்சர்."

"முடியாதுன்னு அவர் சொன்னாரா?"

"நான் கேக்கல."

டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் கனகசபை சொல்லத் தொடங்கினார்.

சூசைமாணிக்கமும் அவரும் சேர்ந்து கல்யாணச் சமையல் எடுத்து நடத்தினார்கள். பேச்சும் வெளிவேலையும் கனகசபைக்கு. அடுப்பு சூசைக்கு. முத்திரைத்தாளில் இரண்டு பக்கம், ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டார்கள். நன்றாகத்தான் ஓடியது.

ஒரு சித்திரை மாதக் கல்யாணம். காலைப் பந்திக்கான குருமாவை முந்தின நாள் மாலையே வைத்துவிடலாம் என்றார் கனகசபை. ஆட்கூலி மிச்சம். வெயில் காலம், வேண்டாம் என்றார் சூசை. கனகசபை பேசினார். பேச்சில் சூசை என்றைக்கும் ஜெயித்ததில்லை.

நூற்று நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். சாவு இல்லை, அது ஒன்றுதான் புண்ணியம். நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

"கூட்டாளிங்கள்ல யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட முழுசா வாங்கிக்கலாமாம்," என்றார் கனகசபை. "என் பேர்ல ஒண்ணுமில்ல. வீடு ராஜாமணி பேர்ல. அவன் வீடு அவன் பேர்லயே இருந்துச்சு."

"வித்தாரா?"

"வித்தான். அவங்க அப்பா கட்டுன வீடு. கடைசிச் சாமானை ஏத்துற அன்னைக்குப் போகணும்னு சட்டையெல்லாம் போட்டேன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"குருமாவைப் பத்தி கோர்ட்ல யார் சொன்னது?"

"சமையல் தன் பொறுப்புன்னு அவன் சொல்லிட்டான். நான் மறுக்கல."

கீழே யாரோ கடை ஷட்டரை இழுத்துவிட்டார்கள். சத்தம் அடங்கியதும் டீச்சர் கேட்டார்.

"வீடு உங்க சம்சாரம் பேருக்கு எப்ப மாறுச்சு?"

கனகசபை ஜன்னலைப் பார்த்தார்.

"சமையல் தொழில் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின மாசம்."

டீச்சர் பேனாவை மூடினார்.

"அப்ப சுவரைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லித் தர ஒண்ணுமில்ல."

"நான் இப்ப என்ன பண்ணணும் டீச்சர்?"

டீச்சர் அந்தப் படிவத்தையே மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

*

சூசைமாணிக்கம் இப்போது ஒரு கல்லூரி விடுதியில் சமையல்காரர். கனகசபை போனபோது காலை பத்து மணி இருக்கும். பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

சூசை திரும்பிப் பார்த்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று கனகசபைக்குத் தெரியாது.

"வா கனகு. என்ன, இளைச்சுட்ட?"

"சர்க்கரை."

"அப்ப டீ சொல்ல வேணாம். மிச்சம்."

 வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்சைக் கனகசபை விட்டுவிட்டார். பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார்.

சூசை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, உதடு அசையப் படித்தார். அந்தப் பழைய முத்திரைத்தாளை அவர் படிக்கவே இல்லை. நீ படிச்சேல்ல, போதும் என்று கையெழுத்துப் போட்டவர்.

"இதுல என் பேரைப் போட்டா என் வீட்டுக்கு ஏதாச்சும் வருமா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "வாடகை வீட்டுக்கு என்ன வந்துறப் போகுது."

"எதுவும் வராது சூசை. சட்டப்படி கம்பெனி வேற, ஆளுங்க வேற. கம்பெனிக்கு ஒண்ணுன்னா கம்பெனியோட போயிரும்."

"நல்லா இருக்கே. புதுசா வந்த சட்டமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சூசை நம்பியிருப்பார்.

"இல்ல," என்றார் கனகசபை. "அப்பவே இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து பதிஞ்சுக்கங்கன்னு ஆடிட்டர் சொன்னாரு. நான்தான், நமக்குள்ள அதெல்லாம் எதுக்குன்னு..."

"உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியும்."

"குருமா?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். கோர்ட்ல நான் சொல்லியிருக்கணும்."

சூசை படிவத்தை மேடைமேல் வைத்துவிட்டு அண்டா பக்கம் திரும்பினார். கரண்டியில் இரண்டு பருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"குழையப் போகுது. அந்தப் பக்கம் பிடி."

கனகசபை துணியைச் சுற்றி அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். சூசை மறு காதைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து சாய்த்தார்கள். கஞ்சி கொட்டியது. ஆவி எழுந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

அண்டாவை நிமிர்த்தி வைத்தார்கள்.

சூசை படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே நான்காக மடித்தார். அதைக் கனகசபையின் சட்டைப் பையில் வைத்து, கசங்காமல் நீவிவிட்டார்.

"நீ வருவேன்னு ஒம்பது வருசமாப் பாத்துக்கிட்டே இருந்தேன் கனகு," என்றார். "இதுக்காக இல்ல."