வைரவன் குளிப்பதற்கு முன்

“பாதி விடைன்னா, மீதி எங்கேம்மா போச்சு?”

கேட்டவர் ஏகாம்பரம். வயது ஐம்பதைத் தாண்டியவர். சிமெண்டுக் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, கணக்கு மட்டுமே சொல்லிக்கொடுக்கும் அந்த மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

மடத்தின் தலைவி பூங்கோதை அம்மையார். ஏகாம்பரத்தின் மூத்த மகளைவிட இளையவர். சீடரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

மணலில் கணக்கு கிடந்தது. ஒரு பின்னம். மேலே x − 5. கீழே x − 2. அது பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்கு மேலாகவோ இருப்பது எங்கெங்கே?

ஏகாம்பரம் இரண்டு பக்கத்தையும் x − 2ஆல் பெருக்கினார். கீழே இருந்தது ஒழிந்தது. ‘ஐந்தும் அதற்கு மேலும்’ என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“பெருக்கறதுக்கு முன்னாடி, அது பிளஸ்ஸா மைனஸான்னு பார்த்தீங்களா?”

“அதான் ஒழிஞ்சுபோச்சேம்மா, இனிமே அதை எதுக்குப் பார்க்கணும்?”

அம்மையார் பெருமூச்சு விட்டார்.

இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால், மடத்து வழக்கப்படி மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் எதிரே, “நீங்களாவது, கணக்காவது!” என்று சிரித்தவன் மச்சான். அவன் முகத்தில் போய் எப்படி விழிப்பது? ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஐயா, நம்ம மடப்பள்ளியில சாப்பாடு எப்ப நல்லா இருக்கும்?”

இது அவருக்குத் தெரிந்த பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“செங்கமலம் காப்பி குடிச்சப்புறம்மா. அதுக்கு முன்னாடி வாயில வைக்க முடியாது.”

மடத்தில் சமைப்பவர்கள் வைரவனும் அவர் மனைவி செங்கமலமும். குளிக்கும்வரை வைரவன் யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார். குளித்துவிட்டால் ஒரே பாட்டுத்தான். செங்கமலத்துக்குக் காப்பி உள்ளே இறங்கும்வரை யாரைக் கண்டாலும் ஆகாது. பாடுகிறவரைக் கண்டால் சுத்தமாக ஆகாது. அந்த இடைவேளையில் அடுப்படியில் சண்டை நடக்கும், பொங்கல் அடிப்பிடிக்கும்.

“வைரவன் குளிக்கறதுக்கு முன்னாடி?”

“ஐயையோ! அப்ப ரெண்டு பேருமே சிடுசிடுன்னு இருப்பாங்க. ஒருத்தர் சரியில்லாதப்பவே இந்த லட்சணம். ரெண்டு பேரும்னா விஷம்தாம்மா.”

“சாப்பிட்டுப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“நாளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க.”

விடிவதற்கு முன்பே ஏகாம்பரம் மடப்பள்ளிக்குப் போனார். உள்ளே இரண்டு முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேசினால்தானே சண்டை? அவர் பாட்டுக்குக் கிண்டினார். இவர் பாட்டுக்கு முந்திரி வறுத்தார்.

இலையில் பொங்கல் விழுந்தது. ஏகாம்பரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் போட்டார்.

கண்ணைத் திறந்தார்.

இன்னொரு வாய் போட்டார். அப்புறம் இலையில் வழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கை கழுவக்கூடத் தோன்றாமல் ஓடினார்.

“அம்மா! ரெண்டுமே மைனஸ்! மேலேயும் மைனஸ், கீழேயும் மைனஸ்!”

நெய் விரலால் மணலில் நீளமாகக் கோடு இழுத்தார். அதில் வைரவன் குளிக்கும் இடமாக இரண்டைக் குறித்தார், செங்கமலம் காப்பி குடிக்கும் இடமாக ஐந்தைக் குறித்தார்.

“ரெண்டுக்கு இடப்பக்கம் இருக்கறது பூராவும் விடைதாம்மா! இத்தனை நாளும் விட்டுட்டேனே!”

“நடுவுல?”

“ஒருத்தர் பாட்டு, ஒருத்தர் சிடுசிடுப்பு. அடிப்பிடிச்சிடும்.”

“அஞ்சுல?”

“செங்கமலம் அப்பத்தான் டம்ளரை வாயில வைக்கறாங்க. கோபமும் இல்ல, சிரிப்பும் இல்ல. பூஜ்யம். சேர்த்துக்கலாம்.”

“ரெண்டுல?”

ஏகாம்பரம் மணலில் இரண்டின் மேல் விரலை வைத்தார். இதில் தவறினால் பஸ் ஸ்டாண்டுதான். கிணற்றடிப் பக்கம் வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

“வைரவன் குளிச்சிட்டிருக்கார். கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிட்டுத்தான் போவார். அப்ப கீழே பூஜ்யம், மடப்பள்ளியே கிடையாதும்மா! ரெண்டைச் சேர்க்கக் கூடாது.”

அம்மையார் குனிந்து, மணலில் இருந்ததை எல்லாம் உள்ளங்கையால் அழித்தார்.

“உட்காருங்க ஐயா. அடுத்த கணக்குல சமைக்கறவங்க மூணு பேர்.”