இடது கை அரிசி

“சோத்தை விட்டுட்டேன் தாயே. இந்த உடம்பு என்னை விட மாட்டேங்குதே?”

குற்றாலிங்கம் மடத்து வாசலில் வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதுதான். உட்காருவதற்கே அவருக்குத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மலையடிவாரத்தில் எண்ணெய்க்கடை வைத்திருப்பவர். மடத்தை நடத்தும் அம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் தாயே என்றுதான் கூப்பிடுவார்.

“எதுக்கு இளைக்கணும் ஐயா?” என்றார் அம்மை.

அவர் மலையைக் காட்டினார்.

உச்சியில் ஒரு கல்விளக்கு. அவர் மனைவி கோமு இருந்தவரை, தினமும் சாயங்காலம் கடையிலிருந்து எண்ணெய்த்தூக்கோடு ஏறிப்போய் அதை ஏற்றிவிட்டு வருவாள். இவர் ஒருநாளும் கூடப் போனதில்லை. அவள் ஏறிப்போகிற நேரத்தில்தான் கடையில் கூட்டம்.

கோமு செத்து வருஷம் ஒன்று ஆகிறது. இப்போது மடத்து ஆட்கள் ஏற்றுகிறார்கள்.

“ஒரே ஒரு தடவை என் கையால ஏத்தணும் தாயே. அவ தினம் நின்ன இடத்துல நானும் நின்னு பார்க்கணும். போன மாசம் ஏறினேன். பாதியிலேயே நெஞ்சை அடைச்சிருச்சு. எடையைக் குறைக்காம ஏறினா இறங்கி வர மாட்டீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

பக்கத்தில் சமையல்காரர் பட்டமுத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“நீரு மூச்சு வாங்குனது இங்க எங்களுக்கே கேட்டுச்சுவே.”

“சும்மா இரும்வே. ராத்திரிச் சோத்தை நான் கண்ணால பார்த்தே எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“அப்போ ராத்திரிக்கு?” என்று அம்மை கேட்டார்.

“பலகாரம்தான். இட்லி.”

விரதம் காக்கிறவரின் பெருமை அந்தக் குரலில் இருந்தது.

அம்மை முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தார்.

“சில நாள் தோசை.”

இன்னும் கொஞ்சம் வைத்தார்.

“சில நாள் இடியாப்பம்…”

கை நிறைந்துவிட்டது. குற்றாலிங்கம் அதைப் பார்த்தார்.

“சோறு வேஷம் மாத்திக்கிட்டு வந்தா உமக்கு அடையாளம் தெரியாதாக்கும்!” என்றார் பட்டமுத்து. குற்றாலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“எத்தனை இட்லி?”

“நாலுதான் தாயே.”

“நாலுதானா?”

“எனக்கு நாலு.”

சிரிப்பு கரைந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கோமுவுக்கு நாலு.”

பட்டமுத்துவின் முறம் நின்றது.

“அதை யாரு சாப்பிடுறது?” என்றார் அம்மை.

“ஆறிப்போயிரும்லா. வீணாக்கக் கூடாதுன்னு…”

அம்மை இன்னொரு பிடி அள்ளினார். இடது கையைக் குற்றாலிங்கம் தானாகவே நீட்டினார்.

“எப்போ சாப்பிடுவீங்க?”

“மேல விளக்கு தெரிஞ்சதும் கடையை எடுத்து வச்சிருவேன். அப்புறம் அவ இறங்கி வரணும்லா. இருட்டுல தடம் பார்த்து மெதுவாத்தான் வருவா. ஊரே அடங்கிரும். வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து…”

குற்றாலிங்கம் இடது கையை மூடிக்கொண்டார்.

“சாப்பிட்டதும்?”

“படுத்திருவேன். வேற என்ன இருக்கு?”



“ஏறிப் போகும்போது அவங்க என்ன சொல்லிட்டுப் போவாங்க?”

“‘எனக்காகப் பட்டினியாக் கிடக்காதீங்க. பொழுதோட சாப்பிட்டுருங்க.’ தினமும் இதே பல்லவிதான்.”

“கேட்டீங்களா?”

“அவ இல்லாம எனக்கு இறங்காது தாயே.”

அம்மை பட்டமுத்துவைப் பார்த்தார். அவர் உள்ளே போய் ஓர் இலையோடு வந்தார். கீரைக் கடைசல், பயற்றுச் சுண்டல், ஓரத்தில் ஒரு கரண்டி சோறு.

“சோறா?”

“சோறுதான்.”

“இப்பவேவா? மேல இன்னும் விளக்குகூட ஏத்தலையே.”

பனைகளுக்கு மேலே வெயில் மிச்சம் இருந்தது.

குற்றாலிங்கம் வலது கை அரிசியை முறத்தில் கொட்டினார். இடது கை மூடியபடியே இருந்தது.

“சாப்பிட ஒரு கை போதும்லா தாயே?”

“போதும்.”

சுண்டலை அள்ளினார். வாய்வரை போன கை இலைக்கே திரும்பி வந்தது.

மலையைப் பார்த்தார். மடத்துப் பெண் ஒருத்தி எண்ணெய்த்தூக்கோடு ஏறிக்கொண்டிருந்தாள். தூரத்தில் யார் ஏறினாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

“கோமு,” என்றார், வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. “நான் சாப்பிட்டுர்றேன்.”

முறத்தின் மேல் இடது கையைத் திறந்தார்.

வேர்வையில் ஒட்டிக்கொண்ட அரிசி, உதிரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.