நாலு பக்கமும் சிமிட்டிய கார்

"பிலோமி, என் வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்கும் தெரிய மாட்டேங்குது. என்ன செய்ய?"

"இண்டிகேட்டர் எரியலையா அண்ணே?"

"இடது பக்கம் போட்டாலும் எரியல, வலது பக்கம் போட்டாலும் எரியல. ஹாரன் மட்டும் நல்லா அடிக்குது."

மதியம் இரண்டு மணி. மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியிருந்தது. எதிர்க்கடை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. கடைப் பலகையில் 'பிலோமி' மட்டும் தெரிந்தது, 'ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' காணாமல் போயிருந்தது.

பிலோமிக்கு முப்பத்து மூன்று வயது. மலையிலுள்ள பழைய கார்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். வண்டிக் கோளாறு சொல்ல வருகிற டிரைவர்கள் வீட்டுக் கோளாறையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் பெரிதாகப் பதில் எதுவும் சொல்வதில்லை. இருந்தாலும் அவளிடம் போகிறார்கள். நானும் டிரைவர்தான், நானும் போயிருக்கிறேன். அது வேறு கதை.

"மூணு மணிக்குள்ள முடிச்சுக் குடும்மா," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"மூணு மணிக்கு என்ன?"

"அல்போன்சா ஊரை விட்டுப் போறா. மூணு மணி பஸ்."

விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அவர் வாயால் வருவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

ஸ்தனிஸ்லாஸ் டாக்ஸி ஓட்டுகிறார். ஐம்பத்து நாலு வயது. மனைவி தவறி ஏழு வருஷம் ஆகிறது. சிலுவை முக்கில் வலது பக்கம் திரும்பினால் முதல் வீடு அல்போன்சாவுடையது. கம்பளி ஸ்வெட்டர் பின்னி விற்கிறவள், அவளும் தனியாள். ஒன்பது மாசத்துக்கு முன்னால் அவளே கேட்டாள். "உங்களை நம்பி நான் இந்த ஊர்ல இருக்கட்டுமா, தங்கச்சி ஊருக்குப் போகட்டுமா?"

இவர், "பார்ப்போம்" என்றார்.

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவள் மேல் உயிர், அது ஊருக்கே தெரியும். ஆனால் தினமும் சிலுவை முக்கு வந்ததும் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

"அப்ப அங்க போகாம இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் பிலோமி.

"இந்த மஞ்சுல சிக்னல் இல்லாம வலது பக்கம் திரும்ப முடியுமாம்மா?"

"கை இருக்கில்ல? கண்ணாடியை இறக்கிட்டு நீட்டுறது."

அவர் தன் கையைப் பார்த்தார்.

பிலோமி பின்பக்கக் கூட்டைக் கழற்றி, பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பல்பு போச்சா?"

"நல்லா இருக்கு."

"அப்ப பியூஸ்."

"அதுவும் நல்லா இருக்கு."

"எர்த் விட்டிருக்கும். பழைய வண்டி, துரு ஏறியிருக்கும்."

"ஏதாவது உடைஞ்சிருக்கணும்னு உங்களுக்கு அவ்வளவு ஆசையா அண்ணே?"

அவர் முன்கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"அந்தச் சிவப்பு சுவிட்சை அமுக்குங்க."

அமுக்கினார். நாலு மூலையிலும் நாலு விளக்கு ஒன்றாக எரிந்தது, ஒன்றாக அணைந்தது. கார் கரைந்துபோய் நாலு ஆரஞ்சுப் பழம் மட்டும் வெள்ளையில் மிதப்பதுபோல் இருந்தது. டிக், டிக். எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டது. எந்தத் திசை என்று தெரியவில்லை.

"எல்லாம் உயிரோடதான் இருக்கு," என்றாள் பிலோமி.

டேஷ்போர்டிலிருந்து அந்தச் சுவிட்சைக் கழற்றி, பிரித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். உள்ளே கருகியிருந்தது.

"இதை எப்பல்லாம் அமுக்குவீங்க?"

"எந்த முக்கு வந்தாலும் அமுக்குவேன். நேராப் போறேன்னு மத்தவங்களுக்குத் தெரியணும்ல. எல்லா டிரைவரும் அப்படித்தான்."

உண்மைதான். நானும் அமுக்குகிறேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், தெரியாது.

"இடதுக்கும் வலதுக்கும் போற கரண்ட் இதுக்குள்ள நுழைஞ்சுதான் போகணும்," என்றாள். "அமுக்கி அமுக்கி அந்த வழியே அடைஞ்சு போச்சு. நாலும் சேர்ந்து எரியுறதுக்கு வேற வழி இருக்கு."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். மாட்டினாள். இடது எரிந்தது. வலது எரிந்தது.

ஸ்தனிஸ்லாஸ் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை.

"மணி ரெண்டே முக்கால்," என்றாள் பிலோமி.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? ஒன்பது மாசம் ஒரு பதில் சொல்லல. ஆனா ஒண்ணும்மா, நான் அவளை ஏமாத்தல. அவ வாசல்ல நின்னுதான் பார்ப்பா. ஒவ்வொரு நாளும் நாலு விளக்கையும் போட்டுக்கிட்டு நேராத்தான் போனேன்."

"இறங்குங்க. பின்னால போய் நில்லுங்க."

பத்து அடி நடந்தார். மஞ்சு காரை விழுங்கிவிட்டது. பிலோமி உள்ளே உட்கார்ந்து சிவப்பு சுவிட்சை அமுக்கினாள்.

"அண்ணே, நான் எங்க போறேன்?"

"நேரா."

"டிரைவர் கண்ணால பார்க்காதீங்க. வாசல்ல நிக்கிற ஆளாப் பாருங்க."

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

வெள்ளைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"வண்டி பழுதாகி நிக்குதுன்னு நினைப்பேன்."

விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

"பாவம், நகர முடியல போலன்னு நினைப்பேன்." அவர் விளக்கை நோக்கி ஓரடி வைத்தார். "அவ இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாளா?"

அவள் சுவிட்சை அணைத்தாள். இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

கடையில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்; நான் அப்போது சிலுவை முக்கில் அதே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதனால் மிச்சத்தை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அல்போன்சா வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு பையுடன் மஞ்சுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள். பஸ் கீழ்த் திருப்பத்தில் ஹாரன் அடித்தது.

அப்போது கார் வந்தது. வலது பக்க விளக்கு மட்டும் எரிந்தது. அது திரும்பி, அவளுக்கு முன்னால் நின்றது. நின்ற பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"வழி விடுங்க. பஸ் வருது," என்றாள் அல்போன்சா.

ஸ்தனிஸ்லாஸ் தலையை வெளியே நீட்டினார். வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. விரலால் விளக்கைக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"அதை அணைங்க," என்றாள். "வாயால சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. நடத்துனர் விசில் ஊதினார். நான் ஏறவில்லை.

அவர் விளக்கை அணைத்தார்.

"போகாத," என்றார்.