பேரீச்சம்பழத்துக்குப் போகப் பார்த்த பொட்டி

ஒரு ஊர்ல ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தாங்களாம். ஊரு கோயில்பட்டிப் பக்கம். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும், இல்லன்னா நடுத்தெருவுல நின்னுக்கிடும்.

மருமக பேரு செண்பகம். தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கி அடுக்கி விரலெல்லாம் காய்ச்சுப் போனவ. அப்புறம் அவ கொழுந்தன் சாமானெல்லாம் தனித்தனியா வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் குடுத்தான். அதை வாசல் ரூம்ல வச்சு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகைன்னு அடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சா. கடை சுமாரா ஓடுச்சு. ஆனா இந்த ஆயுத பூஜைக்கு அப்புறம் பாரு, பொட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. மாப்பிள்ளை பேரை அடிச்சுட்டு, பொண்ணு பேரு வர்றதுக்குள்ள ஒரு பானை சோறு வடிச்சிரலாம். கிர்ர்ர்... கிர்ர்ர்னு முனகும், அப்புறம் கம்முனு நின்னுரும்.

மாமியா பேச்சியம்மாவுக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். "இது செத்த பொட்டி. எடத்தை அடைக்குது. இரும்புக்குப் போட்டுட்டு நீ தீப்பெட்டி ஆபீசுக்கே போ"ன்னுட்டா. மறுபடியும் அந்தக் குச்சியான்னு நெனச்சாலே செண்பகத்துக்கு அழுகை வந்துச்சு.

அப்போ தெருவுல, டிங் டிங் டிங். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழேய்..." வண்டியைத் தள்ளிக்கிட்டு இருளாண்டி அண்ணாச்சி வந்தாரு. பொட்டியைப் பார்த்தாரு. தட்டிப் பார்த்தாரு, டொக் டொக். "பெரியம்மா, மூணு கிலோ பழம் தர்றேன்"னாரு. பேச்சியம்மா கண்ணு விரிஞ்சு போச்சு. "ருசி பாருங்க"ன்னு ஒரு பொட்டலத்தை வேற கையில திணிச்சாரு. "தெருவைச் சுத்திட்டு சாயங்காலம் வர்றேன், எடுத்து வைங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

செண்பகம் யோசிச்சா. ஒரு ஓட்டை வாளியை மூணு தடவை எடை போடுற மனுசன். இன்னைக்கு தராசையே தொடலையே. எலி ஏன் அம்மணமா ஓடுது? அப்போ இந்தப் பொட்டிக்குள்ள என்னமோ இருக்கு. என்ன இருக்குன்னு தெரியாம விடப்படாதுன்னு முடிவு பண்ணிட்டா.

ம்... முழிச்சிருக்கியா? சரி.

மொதல்ல வெளிய பார்த்தா. ஒரு புலி ஸ்டிக்கர், பக்கத்துல 'சூப்பர் ஸ்பீடு'ன்னு இங்கிலீசுல எழுத்து. புலி வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு அது எங்க சொல்லப் போகுது?

அப்புறம் கோயமுத்தூர்ல இருக்கிற கொழுந்தனுக்குப் போன் போட்டா. "தம்பி, இந்தப் பொட்டிக்குள்ள என்னய்யா போட்ட?"

"மெமரி எட்டு ஜிபி போட்டிருக்கேன் மதினி. நாலு நாலா ரெண்டு பட்டை உள்ள சொருகியிருக்கு. பத்திரிகைக்கு அது தாராளம்."

"அப்போ ஏன் இப்படி நொண்டுது?"

"பொட்டியவே கேளுங்க. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் சேர்த்து அமுக்குங்க. தன் வயித்துல என்ன இருக்குன்னு அதுவே சொல்லும்."

மூணாவதா பொட்டியைக் கேட்டா. டக், டக், டக். கட்டம் கட்டமா ஒரு படம் வந்துச்சு. மெமரின்னு இருந்த எடத்தைத் தொட்டா. எட்டுன்னா சொல்லுச்சு? நாலுன்னுச்சு. 'ரெண்டு எடம் இருக்கு, ஒண்ணுலதான் பட்டை இருக்கு'ன்னும் சொல்லுச்சு.

அப்போ யாரு பொய் சொல்றா? கொழுந்தனா, பொட்டியா?

செண்பகம் கரண்டைப் புடுங்கிட்டு, திருப்புளியை எடுத்தா. கிறுக் கிறுக் கிறுக். மூடியைத் தொறந்தா, பொசுக்குனு தூசி. ஹச். தூசியை ஊதிட்டுப் பார்த்தா, ரெண்டு பட்டையும் பத்திரமா உக்காந்திருக்கு. கொழுந்தன் சொன்னதும் நெசம். அப்போ பொட்டி ஏன் ஒண்ணுங்குது? மொதப் பட்டையை உருவிப் பார்த்தா, பளிச்சுனு இருந்துச்சு. ரெண்டாவதை உருவுனா. அதோட தங்க விளிம்புல, வட்டமா, காஞ்சு போய், ஒரு சந்தனப் பொட்டு. அது மேல குங்குமம்.

ஆயுத பூஜையன்னைக்கு நடந்தது அப்பத்தான் அவளுக்கு நெனப்பு வந்துச்சு. லீவுக்கு வந்திருந்த கொழுந்தன் தூசி தட்டுறேன்னு பொட்டியைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா வாழையிலையில பரப்பி வச்சிருந்தான். அருவாமனை, கத்தரிக்கோலு, பக்கத்துல கம்ப்யூட்டர் குடலு. பேச்சியம்மா கிண்ணத்தோட வரிசையா பொட்டு வச்சுக்கிட்டே வந்தா. தங்கமா மின்னுற எடம்தான் மங்களமான எடம்னு அங்கயே ஒண்ணு வச்சுட்டா. கொழுந்தனும் பார்க்காம அப்படியே சொருகிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதை இதுதான்.

செண்பகம் பட்டையைக் கொண்டு போய் மாமியா முன்னாடி நீட்டுனா. "இது யாரு வேலை அத்தை?"

பேச்சியம்மா பார்த்தா. மென்னுக்கிட்டு இருந்த பேரீச்சம்பழம் தொண்டையில நின்னுருச்சு. "உன் கடை நல்லா ஓடணும்னுதான்த்தா வச்சேன்"னா, கொரலு எறங்கிப் போய்.

வந்த கோவம் பாதியிலயே தணிஞ்சுருச்சு செண்பகத்துக்கு. தனக்காக இந்த மனுஷி சாமி கும்பிட்டிருக்கான்னு இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கிட்டா. அழிரப்பரை எடுத்து, சரட் சரட்னு அந்த விளிம்பை பதமா தேச்சா. ஒரு சுத்தத் துணியால தொடைச்சா. ரெண்டு பட்டையையும் சொருகுனா, க்ளக். மூடியை மூடி, கரண்டைக் குடுத்து, மூணு பட்டனையும் அமுக்குனா. எட்டுன்னுச்சு பொட்டி. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, தாய்மாமன் பேரு எல்லாம் சர்ர்ருனு வந்து நின்னுச்சு.

டிங் டிங் டிங். இருளாண்டி அண்ணாச்சி வந்துட்டாரு. "பொட்டி எங்க?"

"பொட்டி வேலைக்குப் போயிருச்சு அண்ணாச்சி"ன்னா செண்பகம்.

"அப்போ என் பொட்டலம்?"

பேச்சியம்மா காலி காகிதத்தைக் காட்டுனா. அதுல கொட்டை மட்டும்தான் இருந்துச்சு.

"தின்ன பழத்துக்கு ஒரு இரும்பாவது வண்டியில ஏறணும் பெரியம்மா"ன்னு அவரு நின்னுக்கிட்டாரு. பேச்சியம்மா அந்தப் பக்கம் பார்த்தா, இந்தப் பக்கம் பார்த்தா. இடுப்புச் சுருக்குப்பையை அவுத்து, தன்னோட பாக்குவெட்டியை எடுத்து வண்டியில போட்டா. ணங்.

மறுநாள் காலையில செண்பகம் டகடகடகன்னு பத்திரிகை அடிச்சுக்கிட்டு இருக்கா. பேச்சியம்மா உள்ளங்கையில ஒரு கொட்டப்பாக்கை வச்சுக்கிட்டு மெல்ல வந்து நின்னா. கொஞ்ச நேரம் பொட்டியவே பார்த்தா.

"ஏத்தா செண்பகம், பாக்கு வெட்டுற சாமான் ஏதும் உள்ள இருக்கான்னு அந்தப் பொட்டியக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்"னாளாம்.

ம் சத்தத்தையே காணோம். பொட்டியும் அணைஞ்சாச்சு, என் கதையும் தீர்ந்தாச்சு. கண்ணை மூடிக்கோ.