திட்டுக்கு வந்த நரிகள்

ஒரு பெரிய ஏரி. நடுவில் ஒரு மணல்திட்டு. அங்கே கருவேல மரங்களின் மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. கீழே தரையில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டன. கூடு கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே அப்படியே இட்டு வைக்கும். சுற்றிலும் தண்ணீர், யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

தொல்லை என்று பார்த்தால் எலிகள்தான். எப்போதாவது ஒரு முட்டையை உருட்டிக்கொண்டு போகும். ஓர் ஆள்காட்டிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு சேற்றுப் பாதை தலைகாட்டியது. ஆள்காட்டி கரைக்குப் பறந்தது. அங்கே ஒரு நரியும் அதன் பெண்டாட்டியும் படுத்திருந்தன.

"எலி தின்பீங்களா?"

"எலின்னா உசுரு" என்றது நரி.

"அப்ப வாங்க. எங்க திட்டு பூரா எலிதான்."

இரண்டும் வந்தன. பின்னாலேயே மழையும் வந்தது. பாதை முழுகிவிட்டது.

எலிகள் வளைக்குள் போய்ப் பதுங்கின. முட்டை எங்கே போய்ப் பதுங்கும்? ஆள்காட்டி இரை தேடிவிட்டுத் திரும்பியபோது ஓடுகள்தான் கிடந்தன. நரி வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! எலி தின்பேன்னுதானே சொன்னே?"

"சொன்னேன். வேற என்ன தின்பேன்னு நீ கேக்கலியே."

"இது அநியாயம்."

"நான் நரி, தங்கச்சி. வேற என்ன செய்வேன்னு நெனச்சே?"



முட்டைக் காலம் முடிந்ததும் நரிகள் பட்டினி கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. மேலேயிருந்து மீன் விழுந்தது. கூழைக்கடாக்கள் குஞ்சுக்கு ஊட்டும்போது நழுவுகிற மீன். தின்று கொழுத்தன. குட்டி போட்டன. மறுபடி முட்டைக் காலம் வந்தபோது திட்டில் ஒரு நரிக்கூட்டமே இருந்தது. தரையில் ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை.

ஆள்காட்டி பெரிய கூழைக்கடாவிடம் போனது.

"அண்ணே, கீழ விழுற மீனை எறங்கி எடுத்துக்குங்க. நரிங்களுக்கு அதுதான் சோறு."

"நான் எறங்கிப் பொறுக்கணுமா? எங்க வீடு மேல இருக்கும்மா. கூப்பிட்டவ நீ. அனுப்புறதும் நீயே பாத்துக்க."

சில நாளில் பலமான காற்று அடித்தது. பெரிய கூழைக்கடாவின் குஞ்சு கூட்டிலிருந்து கீழே விழுந்தது. தாயும் தகப்பனும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க, நரிகள் அதைப் பங்கு போட்டன.

மறுநாள் காலை பெரிய கூழைக்கடா தரையில் நின்று, விழுந்த மீனையெல்லாம் தன் பைவாயில் அள்ளிக்கொண்டிருந்தது. மற்ற கூழைக்கடாக்களும் இறங்கின.  

நரிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. பசியோடு அந்தப் பழைய நரி ஆள்காட்டியின் புது முட்டைகளைத் தேடி வந்தது. ஆள்காட்டி குறுக்கே பாய்ந்தது. நரி ஓங்கி அறைந்ததில் இறக்கையில் அடிபட்டது. இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. நரி முட்டையை விட்டுவிட்டு அதன் பின்னால் வந்தது. ஆள்காட்டி தண்ணீர் ஓரம் வரை போய், வலியைப் பொறுத்துக்கொண்டு எப்படியோ எழும்பிப் பறந்துவிட்டது.

முட்டையைவிட நொண்டுகிற குருவிதான் நரிக்கு ஆசை என்று அதற்குப் புரிந்தது.

கோடை முற்றியது. சேற்றுப் பாதை மறுபடி தெரிந்தது. மேற்கே மேகம் கறுக்கும்வரை ஆள்காட்டி காத்திருந்தது. பிறகு மற்ற ஆள்காட்டிகளைக் கூட்டியது.

"எல்லாரும் நொண்டுங்க. கரை வர்ற வரைக்கும் யாரும் பறக்கக் கூடாது."

"புடிச்சுட்டா?"

"புடிச்சா புடிச்சதுதான். முட்டைங்களாவது தப்பிக்கும்."

இறக்கைகளை இழுத்துக்கொண்டு பாதையில் நொண்டின. பசித்த நரிகள் பின்னால் ஓடின. ஓர் ஆள்காட்டி சேற்றில் கால் சிக்கிப் பிந்தியது. அது திரும்பவில்லை. மற்றவை கரையைத் தொட்டதும் பறந்தன. மழை கொட்டியது. பாதை முழுகியது. கரையில் வயல் எலிகள் இருந்தன. நரிகள் ஏரியை நீந்தி வர மெனக்கெடவில்லை.

ஒன்று மட்டும் திட்டை விட்டு நகரவில்லை. அந்தப் பழைய நரி.

"இந்த நொண்டலை நான் ஏற்கெனவே பாத்தாச்சு, தங்கச்சி" என்றது.

துணை இல்லை, குட்டி இல்லை. கிழடாகிச் சாகும்வரை கிடைத்த முட்டையைத் தின்றது. அதற்கு அப்புறம்தான் திட்டில் குஞ்சுகள் தாராளமாக ஓடின.

இப்போதெல்லாம் பாதை தெரிந்தால் ஆள்காட்டிகள் அதன் முனையில் நின்று கத்தும். கூழைக்கடாக்கள் இறங்கி வந்து அலகை ஓங்கிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரு கோடையில் கரையிலிருந்து ஒரு கீரி கேட்டது.

"அக்கா, எலி புடிக்க ஆள் வேணுமா?"

"வேண்டாம். எலியோடவே நாங்க குடித்தனம் பண்ணிக்கிறோம்."

சின்னத் தொல்லையைத் தீர்க்க வெளியிலிருந்து ஒன்றை அழைக்குமுன் அது வேறு என்னவெல்லாம் தின்னும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டால், அதைத் துரத்துகிற வேலை மரத்தின் மேல் இருப்பவன் உட்பட எல்லார் தலையிலும் விழும்.